கல்லாற்றங்கரையில் காணாமற்போன சில்லறை

திருவனந்தபுரத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் பொன்முடி பார்க்காத குடும்பம் உண்டா என்பது சந்தேகம். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால் முதல் நாள் பத்மநாபசுவாமி கோயில், இரண்டாம் நாள் கோவளம், மூன்றாம் நாள் பொன்முடி என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம். புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு நெடுமங்காடு, விதுரா வழியாக மலை ஏறுவோம். அந்த மலைப்பாதையின் 22 கொண்டை ஊசி வளைவுகள் தொடங்குவதற்கு முன்னால் வண்டியை நிறுத்திக் கால் நனைக்கும் இடம்தான் கல்லாறு. பெயரைச் சொன்னாலே போதும், தமிழனுக்கு விளக்கம் வேண்டாம். உருண்டு வழவழத்த பாறைகளுக்கு இடையே சிலுசிலுவென்று தண்ணீர் ஓடும். பிறகு அது வாமனபுரம் ஆற்றோடு சேர்ந்து கடலுக்குப் போகிறது. (குழந்தைகளை அழைத்துப் போகிறவர்கள் கவனிக்க: மேலே மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். எச்சரிக்கைப் பலகையைப் படித்துவிட்டு இறங்குங்கள்.)

ஆனால் நான் எழுத வந்தது கல்லாற்றைப் பற்றி அல்ல. கல்லாற்றில் இருக்கும் ஒரு கல்லாப் பெட்டியைப் பற்றி.

சாலை ஓரத்தில் நம் அண்ணாச்சி ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறார். நாஞ்சில் நாட்டுக்காரர். நாற்பது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கம் வந்தவர். மலையாளமும் தமிழும் கலந்து, எது எங்கே முடிகிறது என்று தெரியாமல் பேசுவார். மதினி வீட்டிலேயே கடலை மிட்டாயும் கைமுறுக்கும் செய்து பொட்டலம் கட்டித் தருவார்கள். பொன்முடி போகும்போதெல்லாம் அங்கே நின்று ஒரு டீ குடிப்பது என் வழக்கம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது கடைத் திண்ணையில் ஆளுயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி நின்றது. முன்பக்கம் கண்ணாடி. உள்ளே கம்பிச் சுருள்களில் மிட்டாய்ப் பொட்டலங்கள். காசு போட்டு எண்ணை அழுத்தினால் சுருள் சுற்றும், பொட்டலம் கீழே விழும், மிச்சக் காசு கிண்ணத்தில் வந்து விழும். விமான நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் பார்த்திருப்பீர்கள். நகரத்தில் ஏதோ ஓர் அலுவலகத்தை மூடியபோது பழைய விலைக்கு வாங்கி வந்திருந்தார்கள்.

"கூட்டம் வாற நேரத்துல டீ போடவே ரெண்டு கை பத்தல தம்பி. மிட்டாய எடுத்துக் குடுக்க, சில்லறை குடுக்க ஆளு வேண்டாமா? அதாக்கும் வாங்கினேன்" என்றார் அண்ணாச்சி. ஆனால் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

டீயை ஆற்றிக்கொண்டே மெதுவாகக் காரணத்தைச் சொன்னார். இரண்டு மாதமாகப் பெட்டியில் காசு குறைகிறது. வாரம் நாற்பது ரூபாய், ஐம்பது ரூபாய். பெட்டி தானே எண்ணிக் காட்டும் விற்பனைக் கணக்குக்கும், திறந்து எண்ணினால் கையில் வரும் காசுக்கும் ஒத்துப்போவதில்லை. தொகை பெரிதல்ல. ஆனால் பெட்டியின் சாவி பையனிடம் இருக்கிறது.

பையன் என்றால் எஸ்டேட் லயத்துப் பிள்ளை. பாட்டன் காலத்தில் தேயிலைத் தோட்டத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம். பிளஸ் டூ முடித்துவிட்டு, மேலே படிக்கப் பணம் சேர்க்க இங்கே நிற்கிறான். பொட்டலம் அடுக்குவது, சில்லறை நிரப்புவது எல்லாம் அவன் வேலை.

"போன புதனாழ்ச்ச என் கண்ணாலயே பாத்தேன். பெட்டியத் தொறந்து அஞ்சு ரூவாத் துட்டு அம்புட்டையும் அள்ளி எடுக்கான். கேட்டா ஏதோ கணக்குச் சொல்லுதான். எனக்கு வெளங்கல்ல. நாளைக்கு அவன வீட்டுக்கு அனுப்பிரலாம்னு இருக்கேன். சொல்ல மனசு வரல்ல" என்றார்.

நான் வேலை பார்த்தது தொலைபேசித் துறையில். பேருந்து நிலையங்களிலும் ஆஸ்பத்திரி வாசல்களிலும் மாட்டியிருந்த, ஒரு ரூபாய் போட்டுப் பேசும் தொலைபேசிகளைப் பல ஆண்டுகள் பழுது பார்த்திருக்கிறேன். காசு விழுங்கிய பெட்டியைப் பொதுமக்கள் எப்படிக் குத்துவார்கள் என்பதை நேரில் கண்டவன். காசுப் பெட்டியில் கணக்குக் குறைந்தால் முதலில் மனிதனைச் சந்தேகிக்காதே, பெட்டியைச் சந்தேகி என்பது எங்கள் மூத்த மெக்கானிக் ஒருவர் கற்றுத் தந்த பாடம். பொன்முடிக்குப் போக வேண்டிய என் குடும்பத்தை வேனில் அனுப்பிவிட்டு நான் கல்லாற்றிலேயே தங்கிவிட்டேன். வீட்டு அம்மாள் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுதவில்லை.

காசு போட்டால் பொருள் தரும் பெட்டி புதுமை என்று நினைக்க வேண்டாம். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன், எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் வாழ்ந்த ஹீரோ என்ற பொறியாளர் இப்படி ஒன்றை விவரித்திருக்கிறார். (பெயரே ஹீரோ. நம் திரைப்படக்காரர்கள் கவனிக்கவில்லை.) கோயில் வாசலில் காசைப் போட்டால் அது உள்ளே ஒரு தட்டில் விழும். தட்டு தாழும்போது மறுமுனை உயர்ந்து தண்ணீர்க் குழாயைத் திறக்கும். தட்டு சாய்ந்து காசு வழுக்கி விழுந்ததும் குழாய் மூடிக்கொள்ளும். கை கால் கழுவ அளந்த தண்ணீர். பிறகு நெடுங்காலம் கழித்து 1880களில் லண்டனில் தபால் அட்டை விற்கும் பெட்டிகள் வந்தன. நம் நாட்டு ரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் மின்ன நின்றிருந்த எடை பார்க்கும் இயந்திரம் நம் தலைமுறைக்குத் தெரியும். எடையோடு ஜோசியமும் அச்சடித்துத் தரும். பாதிப் பேர் ஏறி நின்றது ஜோசியத்துக்காக.

இந்தப் பழைய பெட்டிகள் எல்லாவற்றுக்கும் ஒரு நிம்மதி இருந்தது. அவை மிச்சம் தர வேண்டியதில்லை. இன்ன காசு போடு, இன்ன பொருள் எடு, அவ்வளவுதான். டில்லியில் 1974-இல் தொடங்கிய மதர் டெய்ரி பால் நிலையங்களில் காசுக்குப் பதில் டோக்கன் வாங்கிப் போட்டுப் பால் பிடித்ததை அங்கிருந்து மாற்றலாகி வந்த அன்பர்கள் சொல்வார்கள். அதுவும் சில்லறைத் தலைவலியைத் தவிர்க்கும் வழிதான். மிச்சக் காசு கொடுக்க வேண்டும் என்று வந்தபோதுதான் இயந்திரத்துக்குக் கணக்கு தேவைப்பட்டது. கணக்கு வந்த இடத்தில் தகராறும் வந்தது.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வரும் கதைக்கு அது வேண்டும்.

வாயில் போட்ட காசு ஒரு சாய்வான பாதையில் உருண்டு வரும். பாதையின் இரு பக்கமும் மெல்லிய கம்பிச் சுருள்கள் மின்காந்தப் புலம் ஒன்றை உண்டாக்கிக்கொண்டிருக்கும். காசு அதைக் கடக்கும்போது புலம் சிறிது மாறும். எவ்வளவு மாறுகிறது என்பது காசின் உலோகத்தையும் அகலத்தையும் கனத்தையும் பொறுத்தது. "இது ஐந்து ரூபாய், இது பத்து ரூபாய்" என்று முன்பே கற்றுக் கொடுத்திருக்கும் அளவுகளோடு ஒப்பிட்டு, பொருந்தினால் ஏற்கும், பொருந்தாவிட்டால் வெளியே தள்ளும். கவனியுங்கள், இயந்திரம் காசின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பதில்லை. சிங்கமும் தெரியாது, எண்ணும் தெரியாது. குருடன் கையால் தடவிப் பார்ப்பது போலத்தான். உண்மையில் கண் தெரியாதவர்கள் இதைவிட நன்றாகவே பார்ப்பார்கள்.

ஏற்ற காசு, அதற்குரிய குழலில் போய் விழும். அண்ணாச்சியின் பெட்டியில் மூன்று குழல்கள்: ஐந்து, இரண்டு, ஒன்று. குழல் நிறைந்துவிட்டால் அதற்கு மேல் வரும் காசும், பத்து ரூபாய்க் காசுகளும் அடியில் இருக்கும் பூட்டிய பெட்டிக்குப் போகும். மிச்சம் கொடுக்கும்போது குழலின் அடியிலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளும்.

வழக்கமான கோளாறுகளை முதலில் பார்த்தேன். கல்லாற்றில் ஈரக் காற்று. போதாக்குறைக்கு வெல்லப்பாகு தொட்ட கைகளால் போட்ட காசுகள். காசுப் பாதையில் பிசுக்கு படிந்திருந்தால் காசு மெதுவாக உருளும், இயந்திரம் செல்லாக் காசு என்று நினைக்கும். ஸ்பிரிட் நனைத்த துணியால் துடைத்தேன். (எண்ணெய் போடவே கூடாது. எண்ணெயில் தூசு ஒட்டும், அடுத்த வாரம் இன்னும் மோசமாகும்.) திண்ணை சரிவாக இருந்ததால் பெட்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. இதுவும் காசு உருளுவதைக் கெடுக்கும். அட்டை மடித்து வைத்துச் சமன் செய்தேன். வளைந்த காசு ஒன்று ஓரத்தில் சிக்கியிருந்தது, எடுத்தேன்.

இவையெல்லாம் சரி. ஆனால் இவற்றால் காசு குறையாது. பெட்டி காசை மறுக்கும், சிக்கவைக்கும், அவ்வளவுதான். வாராவாரம் நாற்பது ரூபாய் எங்கே போகிறது?

பையனைக் கூப்பிட்டேன். சுவரோரம் நின்றிருந்தான். கண்கள் சிவந்திருந்தன. அன்று காலையிலேயே விஷயம் அவன் காதுக்குப் போயிருக்க வேண்டும்.

"புதன்கிழமை ஐந்து ரூபாய்க் காசை ஏன் எடுத்தாய்?" என்று கேட்டேன்.

"எடுக்கல சார், வெளிய வெச்சேன். இதோ இந்த டப்பாவுல இருக்கு" என்று இயந்திரத்தின் மேலிருந்த ஒரு பிஸ்கட் டப்பாவைக் காட்டினான். "முறுக்கு பதினாலு ரூவா சார். எல்லாரும் ரெண்டு பத்து ரூவாக் காசு போடுவாங்க. ஆறு ரூவா மிச்சம் கொடுக்கணும். அன்னைக்கு ஒரு ரூவாக் குழல் காலி. ரெண்டு ரூவா நெறைய இருந்துச்சு. ஆனாலும் மெஷின் சில்லறை இல்லன்னு சொல்லி காசத் திருப்பித் துப்பிருச்சு. அஞ்சு ரூவாவ எடுத்துட்டா தரும்னு தோணுச்சு. எடுத்தேன், தந்துச்சு."

நான் சற்று நேரம் பேசாமல் இருந்தேன். வாசகர்களும் ஒரு நிமிடம் இதை யோசித்துப் பார்க்கலாம். ஆறு ரூபாய் தர வேண்டும். கையில் ஐந்தும் இரண்டும் இருக்கின்றன, ஒன்று இல்லை. கடைக்காரர் என்றால் மூன்று இரண்டு ரூபாயை எண்ணிக் கொடுத்துவிடுவார். இந்தப் பழைய இயந்திரமோ, இருப்பதில் பெரிய காசை முதலில் எடு, மீதிக்கு அடுத்த காசு என்ற ஒரே விதியில் ஓடுவது. ஆறுக்கு முதலில் ஐந்தை ஒதுக்கும். மீதி ஒன்று. ஒன்று இல்லை. கதை முடிந்தது, சில்லறை இல்லை என்று விளக்கைப் போட்டுவிடும். பின்னால் திரும்பிப் போய் ஐந்தைக் கீழே வைத்துவிட்டு இரண்டிரண்டாகப் பார்க்கலாம் என்ற புத்தி அதற்கு இல்லை. ஐந்து ரூபாய்க் குழலைக் காலி செய்தால் அது வேறு வழியின்றி இரண்டில் தொடங்கும்; இரண்டு, இரண்டு, இரண்டு, ஆறு. கணிப்பொறி படிக்கிறவர்கள் இதை வகுப்பில் பாடமாகவே படிக்கிறார்கள். பையன் மிட்டாய்ப் பெட்டி முன் நின்று தானே கண்டுபிடித்திருக்கிறான். அதைத்தான் அண்ணாச்சி "ஏதோ கணக்கு" என்றார்.

நம் முன்னோர்களுக்கும் இந்தச் சங்கடம் இருந்திருக்கும். திருவிதாங்கூர் நாணயக் கணக்கு நினைவிருக்கிறதா? 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு ரூபாய். ஆகவே ரூபாய்க்கு 28 சக்கரம், அரை ரூபாய்க்கு 14. பிரிட்டிஷ் ரூபாயாக இருந்தால் 28 சக்கரமும் 8 காசும். ஒருவருக்கு 16 சக்கரம் கொடுக்க வேண்டும், கையில் சில்லறைச் சக்கரம் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை ரூபாயை எடுத்து வைத்தால் மீதி இரண்டுக்கு வழியில்லை. நாலு பணமாகக் கொடுத்தால் தீர்ந்தது. 1956-இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைவதற்கு முன் பிறந்த நாஞ்சில் நாட்டுப் பெரியவர்கள் இந்தக் கணக்கைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

அந்தச் சக்கரம் மிகச் சிறிய வெள்ளிக் காசாகவும் இருந்தது. விரலால் எண்ணுவது கஷ்டம். அதற்கென்று மரப்பலகை செய்து வைத்திருந்தார்கள். பலகை முழுதும் வரிசை வரிசையாகச் சிறு குழிகள். ஒரு பிடி காசை அள்ளிப் போட்டுக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்காரும். மிஞ்சியதை வழித்துவிட்டால் இத்தனை என்று எண்ணாமலே தெரியும். இன்றும் சில அருங்காட்சியகங்களில் காணலாம். குழல் வைத்த இயந்திரத்துக்கு அது பாட்டி முறை.

சரி, ஐந்து ரூபாய்ப் புதிர் விடுபட்டது. காணாமற்போன காசு?

இங்கே மதினி ஒரு வார்த்தை சொன்னார்கள். "மெஷின் மிச்சம் ஒரு ரூவா கொறச்சுத் தருதுன்னு ரெண்டு மூணு பேரு சண்டைக்கு வந்தாவ. நான் கல்லாவுல இருந்து எடுத்துக் குடுத்தேன்."

இது எனக்கு வியப்பாக இருந்தது. வாடிக்கையாளருக்கும் குறைகிறது, கடைக்கும் குறைகிறது. திருடன் என்றால் ஒரு பக்கம்தான் குறைய வேண்டும். இரு பக்கமும் குறைந்தால் பெட்டிக்குக் காசு அடையாளம் தெரியவில்லை என்று பொருள்.

இரண்டு ரூபாய்க் குழலைக் கழற்றி மேசை மேல் கொட்டினேன். ஒரே அகலம், ஒரே பளபளப்பு. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தபோது, இரண்டு ரூபாய்களுக்கு நடுவே பழைய ஒரு ரூபாய்கள் சாதுவாகப் படுத்திருந்தன.

விஷயம் இதுதான். 1992 முதல் நம் நாட்டில் வந்த ஒரு ரூபாய், துருப்பிடிக்காத எஃகுக் காசு. அகலம் 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம். 2011-இல் புதிய வரிசை நாணயங்கள் வந்தபோது ஒரு ரூபாய் 22 மில்லிமீட்டராகச் சிறுத்தது. அந்த வரிசையின் இரண்டு ரூபாயோ அகலம் 25 மில்லிமீட்டர், எடை 4.85 கிராம், அதே எஃகு. அதாவது புதிய இரண்டு ரூபாய், பழைய ஒரு ரூபாயின் சட்டையை அப்படியே போட்டுக்கொண்டது. உலோகமும் அகலமும் எடையும் ஒன்றானால் கனமும் ஒன்றாகத்தானே இருக்கும்! பழைய காசுகளைத் திரும்பப் பெறவும் இல்லை, இரண்டும் சேர்ந்தே புழங்குகின்றன. பேருந்தில் அவசரத்தில் இரண்டு ரூபாயை ஒரு ரூபாய் என்று கொடுத்து ஏமாந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! கண்ணுள்ள நமக்கே அப்படி. 2011 வரிசையைக் கற்றுக்கொண்டு வந்த இந்தப் பெட்டிக்கு, பழைய ஒரு ரூபாய் என்பது சந்தேகத்துக்கு இடமில்லாத இரண்டு ரூபாய்.

2019-இல் வந்த அடுத்த வரிசையில் ஒன்று 20, இரண்டு 23, ஐந்து 25, பத்து 27 மில்லிமீட்டர் என்று ஏறுவரிசையாக வைத்தார்கள். கண் தெரியாதவர்களுக்கு உதவும் நோக்கம். நல்ல காரியம். ஆனால் முன்னே வந்த காசெல்லாம் சந்தையில் இருக்கும்போது, ஒரே பையில் ஒரே மதிப்புக்கு மூன்று நான்கு அளவுகள். இருபது ரூபாய்க் காசும் பத்தும் ஒரே 27 மில்லிமீட்டர்தான். பன்னிரண்டு முனை வைத்ததால் கைக்குத் தெரிகிறது.

இயந்திரம் காசில் ஏமாறுவது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. ஜப்பானில் 1990களின் கடைசியில், கொரியாவின் 500 வோன் காசைச் சிறிது துளைத்து எடையைக் குறைத்து 500 யென் என்று இயந்திரங்களில் போட்டு ஏய்த்தார்கள். மதிப்பில் அது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. கடைசியில் ஜப்பான் அரசு 2000-இல் 500 யென் காசின் உலோகத்தையே மாற்ற வேண்டியதாயிற்று. கல்லாற்றில் யாரும் துளை போடவில்லை. அரசாங்கமே துளை போடாமல் தந்துவிட்டது.

"நாலு பழைய ரூவா போட்டா எட்டு ரூவா மிட்டாய் வரும்னு டூரு வந்த பசங்க சிரிச்சிட்டே போனாங்க சார். சும்மா சொல்றாங்கன்னு நெனச்சேன்" என்றான் பையன்.

இனி நிரூபிக்க வேண்டும். அண்ணாச்சி நல்லவர்தான், ஆனால் வியாபாரி. கணக்கு காட்டினால்தான் நம்புவார். சென்ற ஞாயிறு எண்ணியபின் பெட்டியிலிருந்து யாரும் காசை வெளியே கொண்டுபோகவில்லை. ஆகவே மேசையில் எல்லாவற்றையும் கொட்டினோம், டப்பாவில் இருந்த ஐந்து ரூபாய்களையும் சேர்த்து.

பெட்டி காட்டிய விற்பனை: எட்டு ரூபாய் மிட்டாய் 95 பொட்டலம், 760 ரூபாய். பதினான்கு ரூபாய் முறுக்கு 40 பொட்டலம், 560 ரூபாய். முதலில் போட்டு வைத்த சில்லறை 200 ரூபாய். ஆக 1520 இருக்க வேண்டும். எண்ணினோம். 1477 இருந்தது. நாற்பத்து மூன்று ரூபாய் துண்டு.

"இப்ப என்னங்கீரு?" என்றார் அண்ணாச்சி.

"பழைய ஒரு ரூபாய்களைத் தனியே எண்ணுங்கள் அண்ணாச்சி" என்றேன்.

ஏன் என்று சொல்கிறேன். பழைய ஒரு ரூபாய் ஒன்று உள்ளே வரும்போது பெட்டி இரண்டு என்று எழுதுகிறது, கடைக்கு ஒரு ரூபாய் நட்டம். அதே காசு மிச்சமாக வெளியே போகும்போது இரண்டு என்று எழுதிக் கொடுக்கிறது. வாங்கியவருக்கு ஒரு ரூபாய் நட்டம், கடைக்குக் கணக்கு நேராகிவிட்டது. ஆகவே வந்து போன காசுகள் கடைக் கணக்கைப் பாதிக்காது. பெட்டிக்குள் இன்னும் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு பழைய ஒரு ரூபாய்க்கும் ஒரு ரூபாய் குறையும். பையன் கை வைக்கவில்லை என்றால் பழைய காசுகளின் எண்ணிக்கையும் துண்டு விழுந்த தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். 43 ரூபாய்க்கு 43 காசு.

அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தானே எண்ணினார். குழலில் 17. அடிப்பெட்டியில் 27. மொத்தம் 44.

மறுபடி எண்ணினார். 44.

எனக்கே வியர்த்துவிட்டது. ஒன்று அதிகம். திருட்டு என்றால் துண்டு 44-க்கு மேலே போக வேண்டும், இங்கே அதைவிடக் குறைவாக இருக்கிறது. அப்படியானால் எங்கிருந்தோ ஒரு ரூபாய் பெட்டிக்குள் கூடுதலாக வந்திருக்கிறது. யார் போட்டது?

பையன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "வியாழக்கிழமை சாயங்காலம் கரண்ட் போச்சுல்ல மொதலாளி. ஒரு ஸ்கூல் பொண்ணு அப்பதான் ஒரு ரூவா போட்டுச்சு. கரண்ட் வந்தப்ப மெஷின் அத மறந்துருச்சு. அழுதுச்சு. என்கிட்ட இருந்த ஒரு ரூவாயக் கொடுத்து அனுப்பிட்டேன்."

மின்சாரம் போனால் இந்தப் பழைய பெட்டிகளுக்கு, போட்ட காசின் நினைவு போய்விடும். காசு மட்டும் உள்ளே இருக்கும். 44-இல் ஒன்று போனால் 43. கணக்கு நேர்.

அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். மதினி உள்ளே போய் அவனுக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தார்கள்.

பிறகு பெட்டிக்கு வைத்தியம் பார்த்தோம். காசுப் பகுதியின் பின்னால் சிறு பொத்தான்கள் வரிசையாக இருக்கும், எந்தக் காசை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது என்று வைப்பதற்கு. இரண்டு ரூபாயை ஏற்க வேண்டாம் என்று மூடிவிட்டேன். அதோடு பழைய ஒரு ரூபாயும் நின்றது. இரண்டு ரூபாயை ஒரு ரூபாய் என்று கற்பித்துவிடலாமே என்றார் அண்ணாச்சி. கடைக்கு நல்லதுதான். ஆனால் இரண்டு ரூபாய் போடுகிறவன் ஒரு ரூபாய் இழப்பான், மதினி மறுபடி சண்டை தீர்க்க வேண்டியிருக்கும். அதைவிட விலையை மாற்றுவது மேல் என்றேன். மிட்டாய்ப் பொட்டலத்தில் இன்னும் இரண்டு துண்டு சேர்த்துப் பத்து ரூபாய், முறுக்கில் ஒன்று கூட்டிப் பதினைந்து. பத்துக்கு மிச்சமே இல்லை. பதினைந்துக்கு ஐந்து ரூபாய்க் குழல் ஒன்றே போதும். ஒன்றும் இரண்டும் டீக் கல்லாவுக்குப் போகட்டும், அங்கே மனிதக் கண் இருக்கிறது.

வீட்டில் இப்படிப்பட்ட பெட்டியோடு மாரடிக்கிற அன்பர்கள் யாரும் இருக்கமாட்டார்கள். ஆனால் கடை வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். சில்லறை இல்லை என்று மிட்டாய் கொடுக்கும் பழக்கமும் மிச்சம் எழுதிய டிக்கெட்டைச் சட்டைப்பையில் மறந்து துவைக்கும் பழக்கமும் நம் எல்லோருக்கும் உண்டு. சில்லறைத் தட்டுப்பாடு என்கிறோம். ரிசர்வ் வங்கியோ காசு போதுமான அளவு இருக்கிறது, போய்ச் சேரும் இடம்தான் சரியில்லை என்கிறது. 2023-இல் கைபேசியால் குறியீட்டைக் காட்டி, நம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் கழித்துக்கொண்டு காசு தரும் இயந்திரத்தைப் பன்னிரண்டு நகரங்களில் சோதித்துப் பார்ப்பதாக அறிவித்தார்கள். சென்னையும் நம் கோழிக்கோடும் அதில் உண்டு. முந்தைய இயந்திரங்களில் நோட்டுப் போட்டுக் காசு எடுக்க வேண்டும், அதில் கள்ள நோட்டு வந்து சேர்ந்ததாம்.

பத்து ரூபாய்க் காசு இன்னொரு கதை. தமிழ்நாட்டின் சில மாவட்டங்களில் அதை வாங்க மறுக்கிறார்கள். பதினான்கு வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கையே விட்டது. இருந்தும் ஊருக்குப் போகும்போது களியக்காவிளை தாண்டியபின் பத்து ரூபாய்க் காசை நீட்டினால் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் இப்போதெல்லாம் கிளம்புமுன் அவற்றைச் சேர்த்துவைத்து, கல்லாற்றுக்குப் போகும் நாளில் அண்ணாச்சி பெட்டியில் போட்டுவிடுகிறேன். அது மறுப்பதில்லை.

அன்று மாலை என் குடும்பம் பொன்முடியிலிருந்து திரும்பி வந்தது. மலையில் பனிமூட்டம், ஒன்றும் தெரியவில்லையாம். கிளம்பும்போது அண்ணாச்சி பையனைக் கூப்பிட்டுக் கையில் ஒரு ரூபாயை வைத்தார்.

"இது உன் துட்டு. கடைக் கணக்குல அதிகமா நின்னது" என்றார்.

அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். "பழைய ரூவா மொதலாளி" என்றான். இருவரும் சிரித்தார்கள். இப்போது அவன் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறான். விடுமுறை நாட்களில் கடைக்கு வருகிறான். சாவி இன்னும் அவனிடம்தான்.